ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மனக்காயத்துக்குச் சிகிச்சை: எந்தப் பயிற்சியில் சேரலாம்?

கெடிலக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடலூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் உளவியல் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். முதுநிலை உளவியல் படித்திருக்கிறேன். மருத்துவ உளவியலராகப் பதிவு பெற்றவள் அல்லள். ஆற்றங்கரை ஊர்களிலும் கடற்கரைக் குப்பங்களிலும் உள்ள அங்கன்வாடிகளோடு சேர்ந்து எங்கள் நிறுவனம் இயங்குகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரால் தென்பெண்ணை பெருக்கெடுத்து ஊர்களுக்குள் புகுந்ததும் இங்குள்ள பலருக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு அங்கன்வாடிப் பணியாளர்கள் எங்களிடம் அனுப்பும் பிள்ளைகளில் மூன்று, நான்கு வயதினர் கணிசமாக இருக்கிறார்கள். வெள்ளத்தைப் பார்த்துப் பயந்த பிள்ளைகளோடு, வீட்டில் அன்றாடம் அடி உதையைப் பார்த்து வளரும் பிள்ளைகளும், தாயையோ தந்தையையோ திடீரென்று பறிகொடுத்த பிள்ளைகளும் வருகிறார்கள்.

ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தண்ணீர் வீட்டுக்குள் ஏறிய இரவில் அவனைத் தாத்தா தோளில் சுமந்து வெளியேற்றியிருக்கிறார். அதன்பின் அவன் பேசிக்கொண்டிருந்த சொற்களில் பாதி நின்றுவிட்டது. படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்பிவிட்டது. அங்கன்வாடியில் கையில் கிடைக்கும் சொப்புச் சாமான்களையெல்லாம் ஜன்னல் திட்டின்மேல் அடுக்குகிறான். அதில் ஒன்று கீழே விழுந்தாலும் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு முதலிலிருந்து அடுக்கத் தொடங்குகிறான். மற்ற பிள்ளைகள் யாராவது தொட்டால் கடித்துவிடுகிறான். ‘பிடிவாதக்காரன்’ என்று பணியாளர் சொல்கிறார். ‘பயந்த கோளாறு, மந்திரித்தால் சரியாகிவிடும்’ என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் படித்த படிப்பில் இந்த வயதுப் பிள்ளைக்கு என்ன செய்வதென்று எவரும் கற்றுத்தரவில்லை.

எங்கள் நிறுவனம் ஒரு பயிற்சிக்குக் கட்டணம் தரச் சம்மதித்திருக்கிறது. இணையத்தில் தேடியபோது, ஒரு வார இறுதியில் இரண்டு நாள் வகுப்பு நடத்தி, ‘சான்றளிக்கப்பட்ட குழந்தை மனக்காயச் சிகிச்சையாளர்’ என்று பட்டம் தரும் விளம்பரங்கள்தாம் அதிகம் கண்ணில் பட்டன. டி.எஃப்.சி.பி.டி., ஈ.எம்.டி.ஆர்., சி.பி.பி., விளையாட்டுவழிச் சிகிச்சை என்று பெயர்கள் பலவாக இருக்கின்றன. பேச்சே முழுதாக வராத வயதினருக்கு இவற்றில் எது பொருந்தும்? பதிவு பெறாத என்னைப் போன்றவர்கள் எந்த எல்லை வரை செல்லலாம்? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

---

கோரிமேடு உளவியலர் எழுதியது:

வணக்கம் அம்மா. புதுச்சேரியில் மருத்துவ உளவியலராக இருக்கிறேன். குழந்தைகளையே பெரும்பாலும் பார்க்கிறேன். உங்கள் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், அந்தச் சிறுவன் செய்வதைப் பெயர் சொல்லி அறிந்துகொள்ள வழி இருக்கிறது. மனநலக் கோளாறுகளை அறிய அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 என்ற வகைப்பாட்டு நூல், ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கான அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாற்றைத் தனியாக வரையறுத்தது. பெரியவர்களைப் போல ‘அந்த நினைவு என்னை வாட்டுகிறது’ என்று நான்கு வயதுப் பிள்ளையால் சொல்ல முடியாது. அந்த நினைவு விளையாட்டில் திரும்பத் திரும்ப வரும். அந்த விளையாட்டில் மகிழ்ச்சி இருக்காது, முடிவும் இருக்காது. சாமான்களை உயரத்தில் அடுக்கி, விழுந்தால் மீண்டும் தொடங்குவது அப்படிப்பட்ட விளையாட்டாக இருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாது. பிறந்தது முதல் ஐந்து வயது வரையிலான பிள்ளைகளுக்கென்றே 2016இல் வெளியான டி.சி. 0-5 என்ற வகைப்பாட்டு நூலும் உண்டு. எந்தப் பயிற்சியில் சேர்ந்தாலும், அதில் இந்த வயதின் அறிகுறிகள் தனிப் பாடமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரியவர்களுக்கான பாடத்தைச் சுருக்கி, பொம்மைப் படம் ஒட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் கேட்ட சிகிச்சை முறைகளுக்கு வருகிறேன். சி.பி.பி. எனப்படும் குழந்தை-பெற்றோர் உளச்சிகிச்சை, ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்காகவே அலிசியா லீபர்மேனும் பாட்ரீஷியா வான் ஹார்னும் சான் பிரான்சிஸ்கோவில் உருவாக்கியது. அதற்கு மூலம் 1970களில் அமெரிக்காவில் செல்மா ஃப்ரைபெர்க் கைக்குழந்தைகளோடும் பெற்றோரோடும் செய்த சிகிச்சைப் பணி. இதில் பிள்ளையைத் தனியே அழைத்துப் பேசும் வழக்கம் இல்லை. தாயும் பிள்ளையும், அல்லது வளர்க்கிறவர் யாரோ அவரும் பிள்ளையும், ஒரே அறையில் இருப்பார்கள், பிள்ளை விளையாடும், அந்த விளையாட்டின் பொருளைத் தாய்க்கும், தாயின் முகத்தில் தெரிகிறதைப் பிள்ளைக்கும் சிகிச்சையாளர் எடுத்துச் சொல்வார். வாரம் ஒருமுறை என்று ஏறத்தாழ ஓராண்டு நடக்கும். வீட்டு வன்முறையைப் பார்த்த மழலைப் பருவப் பிள்ளைகளிடம் இது பயனளிப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதற்கான முறையான பயிற்சி 18 மாதங்கள் நீடிப்பது. இடையிடையே வகுப்புகளும், பயில்பவர் சிகிச்சை தரும் நேர்வுகளை (கேஸ்களை)ப் பற்றிய தொடர் கலந்துரையாடலும் உண்டு.

டி.எஃப்.சி.பி.டி. எனப்படும் மனக்காயம் சார்ந்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, மூன்று வயது முதல் 18 வயது வரை பயன்படுவது. ஜூடித் கோஹன், அந்தோணி மன்னரினோ, எஸ்தர் டெப்ளிங்கர் ஆகியோர் உருவாக்கியது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான மழலைப் பிள்ளைகளிடம் இதன் தொடக்க வடிவத்தைச் சோதித்த ஆய்வு 1996லேயே வந்துவிட்டது. இதன் அடிப்படைப் பாடத்தைத் தெற்கு கரோலினா மருத்துவப் பல்கலைக்கழகம் இணையவழியில் நடத்துகிறது. ஆங்கிலத்தில்தான் இருக்கிறது என்றாலும், செலவு குறைவு, நடை எளிது. ஆனால் அந்த இணையப் பாடத்தை முடித்தவரை அவர்களே சிகிச்சையாளர் என்று ஏற்றுக்கொள்வதில்லை. சான்று வேண்டுமென்றால் முதுநிலைப் பட்டமும் தொழில் உரிமமும் வேண்டும்; நேரடிப் பயிற்சி பெற வேண்டும்; மாதம் இருமுறை என்றால் ஆறு மாதமாவது, மாதம் ஒருமுறை என்றால் ஓராண்டாவது ஒரு மூத்தவரின் ஆலோசனையில் இருக்க வேண்டும்; மூன்று நேர்வுகளை முழுமையாக நடத்தி முடிக்க வேண்டும்; அவற்றில் இரண்டிலாவது பெற்றோரோ வளர்ப்பவரோ பங்கேற்றிருக்க வேண்டும். இந்த நிபந்தனையைப் படித்துவிட்டு, இரண்டு நாளில் பட்டம் தருகிறேன் என்ற விளம்பரத்தை மீண்டும் ஒருமுறை பாருங்கள்.

வேதனை தரும் நினைவை மனத்தில் கொண்டுவரச் செய்து, கண்களை இடவலமாக அசைக்கவைக்கும் ஈ.எம்.டி.ஆர். முறையை 1989இல் ஃபிரான்சின் ஷாபிரோ முதன்முதலில் வெளியிட்டார். குழந்தைகளுக்கான பரிந்துரைகளில் உலக சுகாதார நிறுவனமும் அதைச் சேர்த்திருக்கிறது. இந்தியாவிலும் பயிற்சி நடக்கிறது. ஆனால் மூன்று வயதுப் பிள்ளையிடம் அதை மாற்றியமைத்துச் செய்வது கைதேர்ந்தவர்களின் வேலை. உங்கள் முதல் பயிற்சியாக அதை நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் எல்லையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தியாவில் மருத்துவ உளவியலர் என்று சொல்லிக்கொள்ள இந்திய மறுவாழ்வு மன்றத்தின் அங்கீகாரம் பெற்ற தகுதி வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் அப்படித்தான் வரையறுக்கிறது. ஆகவே நோயறிதலை எழுதித் தருவதும், மேற்சொன்ன சிகிச்சைகளைத் தனித்து நடத்துவதும் உங்களுக்கு இப்போது வேண்டாம். ஆனால் அந்தப் பையனுக்கு வேண்டியதில் பெரும்பங்கை நீங்கள் செய்ய முடியும்: தாத்தாவுக்கும் தாய்க்கும் அவன் நடத்தையைப் புரியவைப்பது, உறங்கும் நேரமும் சாப்பிடும் நேரமும் நாள்தோறும் ஒன்றாக இருக்கும்படி செய்வது, அங்கன்வாடியில் அவனுக்கென்று ஒரு பணியாளரை உறுதிப்படுத்துவது, அவன் விளையாட்டை நிறுத்தாமல் அருகில் அமர்ந்து, ‘எல்லாவற்றையும் மேலே வைக்கிறாய், தண்ணீர் தொடாத இடத்தில் வைக்கிறாய்’ என்று தணிந்த குரலில் சொல்வது. இவற்றையே முறையாகக் கற்றுத்தரும் பயிற்சி வேண்டுமென்றால், பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸின் குழந்தை மனநலத் துறையில் ஒன்றிய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் ஆதரவுடன் இயங்கும் ‘சம்வாத்’ அமைப்பைப் பாருங்கள். குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் பயிற்சி தருவதே அதன் வேலை. மழலைப் பருவத்துக்கான கையேடுகளை நிம்ஹான்ஸ் இணையத்திலேயே தந்திருக்கிறது. நிறுவனம் தரும் பணத்தை வகுப்புக் கட்டணத்துக்குச் செலவிடாமல், பதிவு பெற்ற ஒருவரிடம் ஓராண்டு மேற்பார்வை பெறுவதற்குச் செலவிடுங்கள். என்னிடம் ஒரு பயிற்சியைப் பற்றி யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்கும் கேள்விகள் இரண்டுதான்: வகுப்பு முடிந்த பிறகு உங்கள் நேர்வுகளை யார் கேட்பார்கள்? பிள்ளையை வளர்ப்பவருக்கு அந்த முறையில் இடம் இருக்கிறதா?

---

உப்பனாறு எழுதியது:

மேலே ஐயா சொன்னதோடு களத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு தேவனாம்பட்டினத்திலும் சிங்காரத்தோப்பிலும் சோனாங்குப்பத்திலும் சமூகப் பணியாளராக வேலை பார்த்தவள் நான். அப்போது எங்கெங்கிருந்தோ குழுக்கள் வந்தன. நல்ல மனத்தோடுதான் வந்தார்கள். ஆனால் வந்த ஒவ்வொரு குழுவும் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, வண்ணக்குச்சியைக் கையில் கொடுத்து, அலையை வரையச் சொன்னது. அம்மாவை இழந்த ஒரு குழந்தை, புதிதாக யார் வந்தாலும் கேட்கும் முன்பே அலையையும் படுத்துக்கிடக்கும் உருவத்தையும் மளமளவென்று வரைந்து நீட்டிவிட்டு, ‘பிஸ்கட் எங்கே?’ என்று கேட்கும். வரைந்ததைப் பார்த்துக் கண் கலங்கியவர்கள் மறுநாள் ஊருக்குப் புறப்பட்டுவிட்டார்கள். அந்தக் குழந்தை இரவில் யாரைப் பிடித்துக்கொண்டு உறங்குகிறது என்று கேட்டவர்கள் மிகச் சிலர்.

பேரிடர் நடந்த சூட்டோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேசவைத்துவிட வேண்டும் என்ற முறையை இப்போது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. அதற்கு மாற்றாக 2011இல் அது வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, பாதுகாப்பு, உணவு, உறவினரோடு சேர்த்துவைத்தல், அவர்கள் பேச விரும்பினால் செவிகொடுத்துக் கேட்டல் என்ற அளவில் நிற்கிறது. நீங்கள் சேரும் பயிற்சியில் முதல் நாளே பிள்ளையிடம் சம்பவத்தைச் சொல்லவைக்கும் உத்திகளைக் கற்றுத்தந்தால், அந்தப் பயிற்சி வேண்டாம் என்பதே என் கருத்து.

இந்த மாவட்டத்தின் நிலைமையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 2004க்குப் பிறகு 2011இல் தானே புயல், 2015இல் பெருவெள்ளம், இப்போது ஃபெஞ்சல். இன்று உங்களிடம் வரும் மூன்று வயதுப் பிள்ளையின் தாய், பேரலை வந்தபோது தானே மூன்று நான்கு வயதுப் பிள்ளையாக இருந்திருக்கலாம். மழை இருட்டிக்கொண்டு வந்தால் பிள்ளைக்கு முன்பே அவள் நடுங்குவாள். அவளுக்கு முதலில் ஒரு கை நீட்டாமல் பிள்ளையைச் சரிசெய்ய முடியாது. அதனால்தான் வளர்ப்பவரை விட்டுவிடும் பயிற்சியில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மந்திரிப்பதைப் பற்றி ஒரு சொல். தர்காவில் ஓதிக் கயிறு கட்டுவதையோ கோயிலில் திருநீறு போடுவதையோ நான் தடுத்ததில்லை. பாட்டி மடியில் உட்காரவைத்து, நெற்றியில் கைவைத்து, ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்வது பிள்ளைக்கு நல்லதுதான். வேப்பிலையால் அடிப்பது, புகை போடுவது, பிள்ளையை மிரட்டுவது என்று வரும்போது மட்டும் கண்டிப்பாகப் பேச வேண்டும்.

---

நெல்லிக்குப்பம் குழந்தை மருத்துவர் எழுதியது:

சுருக்கமாக என் துறையிலிருந்து ஒன்று. பேச்சு குறைந்த பிள்ளையை மனக்காயம் என்று முடிவுகட்டும் முன் செவித்திறன், வலிப்பு, ஆட்டிசம், இரத்தசோகை ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். கடலூர் அரசு மருத்துவமனையின் மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புங்கள். மறுபுறம், மனக்காயப்பட்ட பிள்ளையை மிகைத் துறுதுறுப்பு என்று தவறாகக் கருதி அனுப்புவதையும் அடிக்கடி பார்க்கிறேன். அறிகுறிகள் எப்போது தொடங்கின என்று தாயிடம் தேதி கேட்டாலே பாதி தெளிந்துவிடும். தூக்கத்துக்கு மருந்து எழுதித் தரும்படி சில பெற்றோர் வற்புறுத்துவார்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய தூக்கமின்மைக்குக் குழந்தைகளிடம் பென்சோடையசெபைன் வகைத் தூக்க மருந்துகளைத் தரக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013லேயே கூறிவிட்டது. நீங்கள் எந்தப் பயிற்சியில் சேர்ந்தாலும் உங்களுக்கு அருகில் ஒரு குழந்தை மருத்துவரின் துணை இருக்கட்டும்.

---

கெடிலக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு நாள் வகுப்பு வேண்டாம் என்று நிறுவனத்தில் சொல்லிவிட்டேன். கட்டணத்தை மேற்பார்வைக்குப் பயன்படுத்த எழுத்து வடிவில் கோரிக்கை கேட்டிருக்கிறார்கள், இந்தப் பதில்களை வைத்தே எழுதப்போகிறேன்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். வளர்ப்பவரோடு சேர்ந்துதான் சிகிச்சை என்கிறீர்கள். என்னிடம் வரும் ஒரு சிறுமியின் தாய் வீட்டில் நடந்த சண்டையில் தீக்காயம் பட்டு இறந்துவிட்டார். தந்தை சிறையில் இருக்கிறார். தாயைப் பெற்ற பாட்டியிடம் சிறுமி வளர்கிறாள். ‘அம்மா வெளியூர் போயிருக்கிறாள்’ என்றே பாட்டி சொல்லி வைத்திருக்கிறார். பேருந்துச் சத்தம் கேட்டால் சிறுமி வாசலுக்கு ஓடுகிறாள். அடுப்பு பற்றவைத்தால் அலறுகிறாள். பாட்டியை அறைக்குள் அழைத்தால் அவர் அழுதுவிட்டு எழுந்துபோய்விடுகிறார். வழக்கும் நடக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் எந்தப் பயிற்சி உதவும்?

---

கோரிமேடு உளவியலர் எழுதியது:

இந்த நேர்வை நீங்கள் தனியாகச் சுமக்கக் கூடாது. ஜிப்மர் மனநலத் துறைக்கோ மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவருக்கோ அனுப்பிவிட்டு, அவர்களோடு சேர்ந்து நீங்கள் தொடருங்கள். ஆனால் நீங்கள் கேட்டது பயிற்சியின் உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது. அதனால் பதில் சொல்கிறேன்.

சிறுமியோடு அமர்வதற்கு முன் பாட்டியோடு தனியாகப் பல வாரங்கள் அமர வேண்டியிருக்கும். சி.பி.பி. முறையிலும் பிள்ளையை அழைக்கும் முன்பு வளர்ப்பவரோடு மட்டும் நடக்கும் அமர்வுகள் உண்டு. தொடக்கக் கட்டம் என்றே அதற்குத் தனி இடம் தந்திருக்கிறார்கள். மகளைப் பறிகொடுத்த தாய் அவர். பேத்தியின் முன் அழாமல் இருக்க வேண்டுமென்றுதான் எழுந்துபோகிறார் என்று நினைக்கிறேன். அவர் அழுவதற்கு உங்கள் அறையில் இடமும் நேரமும் கொடுங்கள். மகளைப் பற்றி, அவள் சிறுவயதில் எப்படி இருந்தாள் என்பதைப் பற்றி அவர் பேசட்டும். தீயைப் பற்றி நீங்களாகக் கேட்க வேண்டாம்.

அவர் ஓரளவு தேறிய பிறகு, பேத்தியிடம் உண்மையைச் சொல்வதற்கான சொற்களை இருவரும் சேர்ந்து தயார் செய்யுங்கள். ‘அம்மாவுக்கு உடம்பில் பெரிய காயம் பட்டது. டாக்டர்கள் முயன்றும் அம்மாவின் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது. அம்மா இறந்துவிட்டாள். அம்மா உன்மேல் கோபப்பட்டுப் போகவில்லை. நீ ஒன்றும் செய்யவில்லை. நான் உன்னோடு இருக்கிறேன்’ என்ற அளவில் போதும். தூங்குகிறாள் என்றோ, சாமியிடம் போயிருக்கிறாள் என்று மட்டுமோ சொன்னால் இந்த வயதுப் பிள்ளை தூங்கப் பயப்படும், அல்லது திரும்பி வருவாள் என்று காத்திருக்கும். ஒருமுறை சொன்னால் அவள் பத்து முறை கேட்பாள். ஒவ்வொரு முறையும் அதே சொற்களில் பாட்டி பதில் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவர் பாட்டிதான், நீங்கள் அருகில் இருந்தால் போதும். அடுப்பைப் பொறுத்தவரை, இப்போதைக்குச் சமைக்கும் நேரத்தில் சிறுமியை அத்தை வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ விளையாட விடுங்கள். அந்த அச்சத்தைப் படிப்படியாகக் குறைக்கும் வேலையைப் பதிவு பெற்றவர் செய்யட்டும்.

வழக்கைப் பற்றி: சிறுமி சாட்சி சொல்ல வேண்டி வருமா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டறியுங்கள். அன்று நடந்ததை அவள் வாயால் கேட்கவோ, சொல்லிப் பழக்கவோ யாரையும் அனுமதிக்காதீர்கள். அது அவளுக்கும் தீங்கு, வழக்குக்கும் தீங்கு. அவள் விளையாட்டில் தானாக எதையாவது காட்டினால், அவள் சொன்ன சொற்களைத் தேதியோடு அப்படியே எழுதி வையுங்கள், விளக்கம் சேர்க்காதீர்கள். அதோடு, எந்தப் பிள்ளையிடமாவது பாலியல் வன்கொடுமை குறித்த ஐயம் எழுந்தால், போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. தெரிவிக்காமல் விடுவது தண்டனைக்குரியது. பயிற்சி தருகிறவர்கள் இந்தச் சட்டப் பகுதியை விட்டுவிட்டால் நீங்களே கேளுங்கள்.

---

உப்பனாறு எழுதியது:

அந்தப் பாட்டி அறைக்குள் உட்காராவிட்டால் நீங்கள் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போங்கள் அம்மா. மீன் ஆய்ந்துகொண்டோ பூ கட்டிக்கொண்டோ இருக்கும்போது எங்கள் பக்கத்துப் பெண்கள் பேசுவது, நாற்காலியில் எதிரெதிரே உட்காரவைத்தால் வராது. மேற்பார்வை தருபவரிடம் வீட்டுக்குச் சென்று பார்ப்பதையும் அமர்வாகக் கணக்கில் கொள்ளச் சொல்லுங்கள். நிறுவனத்துக்கு எழுதும் கோரிக்கையில் போக்குவரத்துச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். இரவில் அவசரமாக ஏதேனும் நேர்ந்தால் அழைக்க, பிள்ளைகளுக்கு 1098 எண்ணையும், பாட்டிக்கு 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி, பாட்டி கைபேசி வைக்கும் இடத்துக்கு மேலே சுவரில் ஒட்டிவிடுங்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவர் என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் அந்த எண்களை அவர் கைபேசியில் பதியச் சொல்லுங்கள்.